மருதாணி ஏறிய நகத்தில் ஃப்ரெஞ்சு மேனிக்யூர்: முதல்முறை செய்பவர்களுக்கு

அடியில் மெல்லிய ரோஜா நிறம், நுனியில் வெள்ளைக் கோடு. ஃப்ரெஞ்சு மேனிக்யூர் அவ்வளவுதான். பெயரில் பிரான்ஸ் இருந்தாலும் இதைப் பரப்பியவர் அமெரிக்காவில் ஆர்லி நிறுவனத்தைத் தொடங்கிய ஜெஃப் பிங்க். 1970-களில் ஹாலிவுட் நடிகைகள் காட்சிக்குக் காட்சி உடை மாற்றும்போது நகப்பூச்சையும் மாற்றிக்கொண்டிருக்க முடியாது என்பதால், எல்லா உடைக்கும் பொருந்தும்படி அமைத்தது இது.

நம் ஊர்க் கல்யாணத்தில் சிக்கல் உடையால் வருவதில்லை, மருதாணியால் வருகிறது. விரல் நுனிக்குத் தொப்பி வைத்து, மறுநாள் நகம் செங்கல் நிறத்தில் இருக்கும்போது அதன்மேல் வெளிர் ரோஜாவைப் பூசினால் நகம் அழுக்கேறியதுபோல் தெரியும். வெள்ளையும் வெள்ளையாக நிற்காது, பீச் நிறத்துக்கு இறங்கிவிடும். ஆகவே இந்தச் செய்முறையை ஆரஞ்சு நகத்தை வைத்தே எழுதியிருக்கிறேன். சாதாரண நகத்துக்கும் இதே படிகள்தான், அடிநிறம் மட்டும் மாறும்.

வாங்க வேண்டியவை

பேஸ் கோட் (நிறத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சு), அடிநிறம், வெள்ளை, கடைசிப் பூச்சுக்கு ஒளி ஊடுருவும் ரோஜா, டாப் கோட் (எல்லாவற்றுக்கும் மேல் பூசும் காப்புப் பூச்சு), அசிட்டோன் உள்ள ரிமூவர், காது குடையும் பட்ஸ். இவற்றோடு ஸ்டேஷனரி கடையில் 00 நம்பர் ஓவிய பிரஷ் இரண்டு: ஒன்று கோடு போட, மற்றது பிசிறைத் துடைக்க. பாட்டிலோடு வரும் பிரஷ் நுனிக்கோட்டுக்கு மிகவும் அகலம்.

"ஃப்ரெஞ்சு செட்" என்று பெட்டியாக விற்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் வரும் ரோஜா பெரும்பாலும் நீலம் கலந்தது. மாநிறக் கையில் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். மதுரையில் விளக்குத்தூண் பக்கமோ மாசி வீதிகளிலோ ஃபேன்சி ஸ்டோருக்குப் போனால் பாட்டிலை உங்கள் விரல் நுனியின் உள்பக்கத்தோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். அந்தச் சதையின் நிறத்துக்கு எது நெருங்கி வருகிறதோ அதுதான் உங்கள் அடிநிறம். பலருக்கு அது பீச்சாகவோ, பால் கூடிய டீயின் நிறமாகவோ, பழுப்பு கலந்த ரோஜாவாகவோ இருக்கும். வெள்ளையிலும் பளீர் வெள்ளையை விட யானைத் தந்தத்தின் நிறம் கருமையான கைக்கு அழகாக உட்காரும்.

பழைய பாட்டில் கெட்டியாகிவிட்டால் நெயில் பாலிஷ் தின்னர் இரண்டு மூன்று சொட்டு போதும். ரிமூவரை உள்ளே ஊற்றினால் அப்போது இளகும். ஆனால் பூச்சு சீக்கிரம் உரியும்.

மருதாணிக்கும் பாலிஷுக்கும் எது முன்னால்?

மருதாணியின் லாசோன் என்ற சாயம் நகத்தின் கெரட்டின் என்ற புரதத்தோடு பிணைந்துவிடுகிறது. எலுமிச்சையாலும் போகாது, ரிமூவராலும் போகாது. சுரண்டினால் நகம்தான் மெலியும். விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்கிறது. முழுவதும் வளர்ந்து வெளியேற ஆறு மாதம் வரை ஆகும்.

நகத்தில் நிறம் ஏறவே வேண்டாம் என்றால் மருதாணிக்கு முன்பே பேஸ் கோட்டும் ஏதாவது ஒரு பாலிஷும் முழு நகத்துக்கும் பூசிக் காயவிடுங்கள். மருதாணி உதிர்ந்தபின் அதை அழித்துவிட்டு ஃப்ரெஞ்சைத் தொடங்கலாம். அடித்தோல் ஓரத்தில் மெல்லிய ஆரஞ்சுக் கோடு மட்டும் இருக்கும், அது உறுத்தாது.

நிறம் ஏறிவிட்டதா? மருதாணியை எடுத்த மறுநாள் வரை காத்திருங்கள். நிறம் கறுக்கத் தேங்காய் எண்ணெய் தடவியிருப்பீர்கள், அந்த எண்ணெய் நகத்தின்மேல் இருந்தால் பாலிஷ் இரண்டே நாளில் தகடாக உரியும். பட்ஸை ரிமூவரில் நனைத்து நகத்தை மட்டும் துடையுங்கள். தோலில் பட்டால் கையின் மருதாணி அங்கங்கே வெளிறக்கூடும்.

அடிநிறம்

பேஸ் கோட் ஒரு கை, அதாவது ஒரு பூச்சு. அதன்மேல் ஆரஞ்சு நகத்துக்குக் கண்ணாடிபோல் தெரியும் ரோஜா வேண்டாம், க்ரீம் வகை வேண்டும். மெல்லியதாக இரண்டு கை, நடுவில் ஐந்து நிமிட இடைவெளி. ஒரே தடவையில் தடித்துப் பூசினால் மேலே மட்டும் காய்ந்து உள்ளே ஈரம் நின்று குமிழ் வரும். சித்திரை, வைகாசி வெயிலில் இது இன்னும் மோசம். சாயங்காலத்துக்குப் பிறகு உட்காருங்கள். பூசும்போது ஃபேனைக் குறைத்து வையுங்கள், இல்லாவிட்டால் பிரஷிலேயே பாலிஷ் இழுபடும்.

அரை மணி நேரம் காயட்டும். அவசரப்பட்டால் அடுத்த படி முழுவதும் கெடும்.

நுனிக்கோடு: எல்லோரும் சறுக்கும் இடம்

கோடு கோணலாவதற்குக் கை நடுக்கம் மட்டும் காரணமில்லை. இரண்டு ஓரமும் ஒரே உயரத்தில் தொடங்காததுதான் முதல் காரணம். ஆகவே கோட்டுக்கு முன் புள்ளி வையுங்கள். நகத்தின் இடது ஓரத்தில் ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று, 00 பிரஷின் முனையால். கையை நீட்டித் தள்ளிவைத்துப் பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் இடது புள்ளியிலிருந்து நடுவுக்கு ஒரு வளைவு, வலது புள்ளியிலிருந்து நடுவுக்கு ஒரு வளைவு. பிறகு மேலே மீதமிருக்கும் நுனியை நிரப்புங்கள்.

இரண்டாவது காரணம் பிரஷை வளைத்து இழுப்பது. பிரஷ் பிடித்த கையின் சுண்டுவிரலை மேசையில் ஊன்றுங்கள். பிரஷ் அசையாமல் நிற்கட்டும், பூசப்படும் விரலைத் திருப்புங்கள். வலது கைக்காரர்கள் வலக்கை நகங்களைப் பூசும்போது இதை விட்டால் வேறு வழியில்லை. அந்தக் கையை முதலில் முடித்துவிடுங்கள், பொறுமை இருக்கும்போதே.

வெள்ளையும் மெல்லியதாக இரண்டு கை. ஒரு கை பூசினால் ஆரஞ்சு எட்டிப்பார்க்கும்.

பிரஷ் வசப்படவில்லை என்றால் வட்ட ஸ்டிக்கர் பொட்டு கைகொடுக்கும். நகத்தின் அகலத்துக்கு நெருங்கிய அளவில், வழுவழுப்பான வகையாக எடுங்கள். வெல்வெட் பொட்டின் விளிம்பு பாலிஷை உறிஞ்சிக் கோட்டைப் பிசிறாக்கும். புறங்கையில் இரண்டு முறை ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்தபின், பொட்டின் மேல்விளிம்பு வெள்ளை தொடங்கும் இடத்தில் வருமாறு நகத்தில் ஒட்டுங்கள். விளிம்பை நன்றாக அழுத்துங்கள். நுனியில் வெள்ளை பூசியதும், ஈரமாக இருக்கும்போதே பொட்டை ஓரத்திலிருந்து அடிப்பக்கமாக இழுத்து எடுக்க வேண்டும். காய்ந்தபின் எடுத்தால் வெள்ளையும் சேர்ந்து கிழிந்து வரும். மைக்ரோபோர் டேப் வேண்டவே வேண்டாம், அதன் நுண்துளைகள் வழியாகக் கசியும்.

பிசிறைத் திருத்த இரண்டாவது பிரஷை ரிமூவரில் தோய்த்து, டிஷ்யூவில் ஏறக்குறைய உலர ஒற்றியபின் வளைவை ஒட்டி ஒரே இழுப்பாக இழுங்கள். அடிநிறமும் கொஞ்சம் கரையும், பயப்பட வேண்டாம். கடைசியில், டாப் கோட்டுக்கு முன், முழு நகத்துக்கும் ஒளி ஊடுருவும் ரோஜா ஒரு கை பூசினால் தழும்பு மறையும், வெள்ளையின் பளீரும் தணியும். ஓரளவு கோணலான கோட்டைக்கூட இந்த மேற்பூச்சு காப்பாற்றிவிடும்.

எந்த நகத்துக்கு எவ்வளவு வெள்ளை?

ஒட்ட வெட்டிய நகத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போகாதீர்கள். தடித்த கோடு நகத்தை இன்னும் குட்டையாக்கும். அகலமான நகத்தில் அடிநிறத்தை இரு பக்கமும் மயிரிழை விட்டுப் பூசி, வெள்ளையின் வளைவை ஆழமாக்குங்கள். நீண்ட, ஒடுங்கிய நகத்துக்கு வளைவு குறைந்த கோடு போதும்.

தினமும் மல்லிகை கட்டும் கைகளுக்குக் குட்டை நகமும் மெல்லிய கோடும்தான் சரி. நார் உரசி கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் முதலில் பெயரும், அந்த விரல்களின் நுனி விளிம்பில் டாப் கோட்டை இரண்டு முறை ஓட்டுங்கள்.

முகூர்த்தத்துக்கு யானைத் தந்த நிறமோ, அரக்குப் பட்டென்றால் மெல்லிய தங்கக் கோடோ போதும். ஆரஞ்சு நகத்தின்மேல் தங்கம் வெள்ளையை விடப் பொருத்தமாக இருக்கும். மறைக்கவும் அதிகம் பாடுபட வேண்டாம். வளைகாப்புக்குக் கண்ணாடி வளையலின் பச்சை அல்லது சிவப்பை நுனிக்கு எடுக்கலாம். சுங்குடிச் சேலைக்கு அரக்கு நிற நுனி, காய்ந்ததும் பல்குத்தும் குச்சியால் அதன்மேல் வெள்ளைப் புள்ளிகள். நுனி 3 மில்லிமீட்டராவது இருந்தால்தான் புள்ளி பிரிந்து தெரியும். வேலைக்கான நேர்காணல் என்றால் புள்ளியும் தங்கமும் வேண்டாம், ஒரு மில்லிமீட்டர் வெள்ளை போதும்.

மருதாணி வைத்து மூன்று மாதம் ஆனபின் ஆரஞ்சு நுனியில் மட்டும் மிஞ்சியிருக்கும். அப்போது டாப் கோட் மட்டும் பூசிப் பாருங்கள், மருதாணியே நுனிக்கோடாக நிற்கும். மிக அழகான ஃப்ரெஞ்சு அது.

பின்னர் சேர்த்தவை

*டாப் கோட் பூசினால் வெள்ளை இழுபடுகிறது:* பலரும் கேட்டிருந்தீர்கள். டாப் கோட்டின் கரைப்பான் கீழே காயாத வெள்ளையை இளக்கிவிடுகிறது. பதினைந்து நிமிடம் விடுங்கள். பிரஷில் சொட்டு தாராளமாக இருக்கட்டும், அந்தச் சொட்டு மட்டும் நகத்தின்மேல் வழுக்கிப் போக வேண்டும், பிரஷின் மயிர் நகத்தை உரசக்கூடாது. நுனி விளிம்பையும் மூடுங்கள்.

*சாம்பார் சாப்பிட்டதும் வெள்ளை மஞ்சளாகிறது:* மேட் டாப் கோட் பூசியிருந்தால் மஞ்சள் சீக்கிரம் பிடிக்கும். பளபளப்பான வகைக்கு மாறுங்கள். சாப்பிட்டவுடன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், மூன்று நாளைக்கு ஒருமுறை டாப் கோட் புதுப்பியுங்கள். மஞ்சளின் சாயம் வெயிலில் மங்கும் என்பதால் லேசான கறைக்கு மொட்டை மாடியில் துணி காயப்போடும் நேரமே உதவும்.

*வீட்டில் ஜெல் போடலாமா:* முதல்முறை செய்பவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். ஜெல் என்பது புற ஊதா விளக்கின் கீழ் வைத்து இறுக்கும் பாலிஷ். அது சரியாக இறுகாமல் தோலில் படப்பட, அதிலுள்ள அக்ரிலேட் என்ற வேதிப்பொருளுக்கு ஒவ்வாமை வரலாம். வந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க நிற்கும், பிறகு சில பல் சிகிச்சைப் பொருட்கள்கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஏற்கெனவே விளக்கு வாங்கிவிட்டீர்கள் என்றால், ஜெல் எந்த நிறுவனமோ அந்த நிறுவனம் சொல்லும் விளக்கையே பயன்படுத்துங்கள், தோலில் பட்ட ஜெல்லை விளக்கில் வைக்கும் முன்பே துடைத்துவிடுங்கள்.