யோசிக்காமல் வாங்கிய நாயை வீட்டுப் பிள்ளையாக்குவது எப்படி?

சந்தையில் அட்டைப் பெட்டிக்குள் கிடந்த குட்டியைப் பார்த்துப் பிள்ளை அழுதிருப்பான், தூக்கி வந்திருப்பீர்கள். அல்லது வேலை மாறிப் போன நண்பர் "ரெண்டு நாள் பார்த்துக்கோ" என்று விட்டுப்போய், அப்புறம் போனையே எடுத்திருக்க மாட்டார். மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்பூட் பக்கம் நிறைய நாய்கள் இப்படித்தான் வீட்டுக்கு வருகின்றன. குட்டியாக இருக்கும்வரை கொஞ்சல்தான். வளர்ந்ததும் செருப்பைக் கடிக்கிறது, மோட்டாரைத் துரத்துகிறது, வீட்டுப் பெரியவர்களைப் பார்த்து உறுமுகிறது. "கொண்டுபோய்ச் செம்பனைக் காட்டில் விட்டுட்டு வா" என்று யாராவது சொல்லத் தொடங்குவார்கள்.

உங்கள் வீட்டில் அந்தப் பேச்சு வந்துவிட்டதா? கொஞ்சம் பொறுங்கள். நான் பழகிப் பார்த்த முரட்டு நாய்களில் பெரும்பாலானவை உண்மையில் பயந்த நாய்கள். மற்றவை நாள் முழுக்கச் சங்கிலியில் கிடந்து, செய்ய ஒரு வேலையும் இல்லாமல் வெறுத்துப்போனவை. பயத்தையும் வெறுமையையும் அடித்துப் போக்க முடியாது. அடுத்து என்ன நடக்கும் என்று நாய்க்குத் தெரிகிற ஒரு வாழ்க்கையை அமைத்துக் கொடுத்தால் இரண்டும் மெல்ல மெல்லக் குறையும். கீழே சொல்லும் எல்லாப் படியும் அதற்காகத்தான்.

படி 1: சங்கிலியைக் கழற்றி, நிம்மதியாகத் தூங்க விடுங்கள்

கட்டியே கிடக்கும் நாய்க்குப் பயம் வந்தால் விலகி ஓட இடமில்லை. அதனால் முன்னே பாய்கிறது, குரைக்கிறது. கட்டிப்போட்டால் அடங்கும் என்று நினைக்கிறோம், நடப்பது நேர்மாறு. வேலி அடைத்த பின்கட்டு, கேட் போட்ட முன்வாசல், வீட்டுக்குள் ஒரு மூலை, எதுவானாலும் சரி. வெயில் படாத, ஆள் நடமாட்டம் குறைந்த இடமாகப் பார்த்து ஒரு பழைய பாயையோ சாக்கையோ போடுங்கள். நாய் அங்கே படுத்திருக்கும்போது யாரும் தொடக்கூடாது. வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வளர்ந்த நாய் ஒரு நாளில் 12 முதல் 14 மணி நேரம் வரை தூங்கும். குட்டி 18 மணி நேரம்கூடத் தூங்கும். தூக்கம் கெட்ட குட்டிதான் சாயங்காலம் கண்மண் தெரியாமல் ஓடிக் காலைக் கடிக்கும். முதல் இரண்டு வாரம் விருந்தாளி வேண்டாம், வெளியூர் வேண்டாம், புதிய வித்தை எதுவும் வேண்டாம். தினமும் அதே நேரத்தில் இரண்டு வேளைச் சாப்பாடு, அதே வழியில் நடை. அது போதும்.

படி 2: வலி இருக்கிறதா என்று பாருங்கள்

திடீரென்று கடிக்க வரும் நாய்க்கு எங்காவது வலிக்கலாம். காதில் சீழ், பல்லில் உடைசல், இடுப்பில் அடி எல்லாம் வெளியே தெரியாது. அதனால் பழக்குவதற்கு முன் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நம் ஊர் சூட்டுக்கும் ஈரத்துக்கும் உண்ணி வருடம் முழுக்க இருக்கும். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் சோர்ந்துபோகும், சாப்பிடாது, ஈறு வெளுத்துவிடும். கொசுக்கடியால் இதயப்புழு வரும். உண்ணிக்கும் இதயப்புழுவுக்கும் தடுப்பு மருந்து இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தடுப்பூசி தொடங்கி, நான்கு மாதம் ஆகும்வரை சில வார இடைவெளியில் போட்டுக்கொண்டே வர வேண்டும். ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) ஊசியையும் சேர்த்துக் கேளுங்கள். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும் 2017-இல் சரவாக்கிலும் அந்த நோய் தலைகாட்டியது. நாய் யாரையாவது கடித்துவிட்டால் காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, கடிபட்டவரை உடனே கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள்.

தோட்டத்துப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். செம்பனைக்கு நடுவே எலி மருந்து வைப்பார்கள். அதைத் தின்ற எலியை நாய் தின்றால் சில நாள் கழித்து உள்ளுக்குள் ரத்தம் கசியும். ஈறு வெளுப்பு, மூச்சு வாங்குதல், மூக்கில் ரத்தம் தெரிந்தால் மருத்துவரிடம் "எலி மருந்தாக இருக்கலாம்" என்று நீங்களே சொல்லுங்கள். வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்ற முடியும், தாமதம்தான் ஆபத்து. களைக்கொல்லி அடித்த பக்கம் நடக்கக் கூட்டிப்போகாதீர்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 முதல் இங்கே தடை செய்யப்பட்டாலும் வேறு மருந்துகள் அடிக்கிறார்கள். நடந்து வந்ததும் பாதத்தைக் கழுவிவிடுங்கள்.

படி 3: உறுமலைத் தண்டிக்காதீர்கள்

எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது இதுதான். உறுமும் நாய் "எனக்குப் பயமாக இருக்கிறது, விலகிப் போ" என்று சொல்கிறது. உறுமியதற்கு அடித்தால் பயம் அப்படியே இருக்கும், எச்சரிக்கை மட்டும் நின்றுபோகும். அடுத்த முறை சத்தமே இல்லாமல் கடிக்கும். பிறகு "சும்மா இருந்த நாய் திடீரென்று கடித்துவிட்டது" என்று ஊரே சொல்லும்.

உறுமலுக்கு முன்பே அடையாளங்கள் வரும். உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும். முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் பார்க்கும், கண்ணின் வெள்ளை தெரியும். வால் காலுக்கிடையில் போகும், உடம்பு விறைக்கும். இதில் ஒன்றைப் பார்த்தாலும் நீங்கள் ஓரடி பின்னால் போங்கள். நாயைப் புரட்டிப் போட்டு அழுத்துவது, முறைத்துப் பார்த்துப் பணிய வைப்பது போன்ற பழைய முறைகளை விட்டுவிடுங்கள். அவை பயந்த நாயை இன்னும் பயமுறுத்தும்.

எங்கள் அக்கா மகன் சந்தையிலிருந்து கொண்டு வந்த சிவப்பி, பாட்டியின் கைத்தடியைக் கண்டாலே பல்லைக் காட்டுவாள். முன்பு யாரோ கம்பால் அடித்திருக்க வேண்டும். பாட்டியைத் தடியைத் தரையில் கிடத்திவிட்டு, நாற்காலியில் பக்கவாட்டாகத் திரும்பி உட்காரச் சொன்னோம். சிவப்பியைப் பார்க்காமல் வேகவைத்த ஈரல் துண்டை எட்டிப் போடுவார். முதலில் தூரமாக, நாளாக நாளாகக் கொஞ்சம் கிட்ட. "என்னாடி, இன்னுமா என்மேல கோபம்?" என்று மெதுவாகப் பேசிக்கொண்டே இருப்பார். ஒருநாள் சிவப்பி தானாக வந்து தடியை மோந்து பார்த்தாள். அதுவரை யாரும் அவளைப் பிடித்து இழுத்துப் பாட்டியிடம் விடவில்லை. கிட்ட வருவதா வேண்டாமா என்பதை நாய்தான் முடிவு செய்ய வேண்டும்.

படி 4: நல்லது செய்த அந்த நொடியில் கொடுங்கள்

சுண்டு விரல் நகம் அளவுக்கு வெட்டிய வேகவைத்த கோழி, ஈரல், உப்புப் போக அலசி வேகவைத்த நெத்திலி. இவற்றை ஒரு டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்பிப் பார்த்த ஒரு விநாடிக்குள் "சபாஷ்" என்று சொல்லி ஒரு துண்டு. தாமதித்துக் கொடுத்தால் எதற்காகக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. இதை ஐந்து நிமிடம் செய்து நிறுத்திவிடுங்கள். ஒரே தடவையில் அரை மணி நேரம் செய்வதைவிட, ஒரு நாளில் மூன்று முறை ஐந்தைந்து நிமிடம் செய்வது நல்லது.

அடுத்து "உட்கார்". துண்டை மூக்குக்கு நேரே பிடித்து மெதுவாகத் தலைக்கு மேலே கொண்டு போனால் பின்பக்கம் தானாகத் தரையில் படும். அப்போது கொடுங்கள். வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். அப்பா "உட்கார்", பிள்ளை "சிட்", அம்மா "டுடோக்" என்றால் நாய் குழம்பிப்போகும்.

குழம்பு ஊற்றிய மீதிச் சோற்றை மட்டும் போடாதீர்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களைக் கெடுக்கும். சாக்லெட், திராட்சை, வேகவைத்த கோழி எலும்பும் வேண்டாம்.

படி 5: மோட்டாரைத் துரத்தும் நாய்

காலைப் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூடும் இடத்துக்கு) போகிறவர்களின் மோட்டார், செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லாரி, ரொட்டிக்காரரின் ஹாரன். நம் ஊர் நாய்க்கு இவைதான் பெரிய சோதனை. துரத்தும்போது மோட்டார் போய்விடுகிறது. "நான் துரத்தினேன், அது ஓடிவிட்டது" என்று நாய் ஒவ்வொரு முறையும் வெற்றி பெறுகிறது. அதனால்தான் திட்டினாலும் நிற்பதில்லை. துரத்தச் சந்தர்ப்பமே கிடைக்காதபடி கேட்டை மூடுவது பாதி வேலை.

மீதி வேலை தூரத்தில் இருக்கிறது. திடலின் கடைக்கோடிக்குக் கயிற்றில் கூட்டிப்போங்கள். மோட்டார் தெரிய வேண்டும், ஆனால் நாய் விறைக்கக் கூடாது. அந்தத் தூரம் சில நாய்களுக்கு ஐம்பது மீட்டர், சிலவற்றுக்கு நூறு. மோட்டார் தெரிந்ததும் ஒரு துண்டு, மறையும்வரை இன்னொன்று, இன்னொன்று. மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். சில நாளில் மோட்டாரைப் பார்த்ததும் நாய் உங்கள் முகத்தைப் பார்க்கும். அந்தத் திரும்பல் வந்த பிறகுதான் பத்தடி முன்னே போக வேண்டும். குரைத்துப் பாய்ந்தால் நீங்கள் கிட்டப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். திட்டாமல் பின்னால் வாருங்கள். சிவப்பிக்கு இது நிறைய வாரம் பிடித்தது, நடுவில் இரண்டு முறை மறுபடி தூரத்திலிருந்தே தொடங்கினோம். இப்போது ரொட்டிக்காரர் வந்தால் கேட்டருகே உட்கார்ந்து என்னைத் திரும்பிப் பார்க்கிறாள்.

நடையைக் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள், இல்லையென்றால் சாயங்காலம் தார் ஆறிய பிறகு. புறங்கையைத் தாரில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். ஹஸ்கி மாதிரி அடர்ந்த முடியுள்ள நாய்களுக்கு இன்னும் கவனம் வேண்டும்.

படி 6: கடியும் மூத்திரமும்

நான்கு முதல் ஏழு மாதம் வரை குட்டிக்குப் பல் மாறும், எதையாவது கடித்தே தீரும். ஈரத்துணியை முறுக்கி உறைய வைத்துக் கொடுங்கள், செருப்பை எடுத்து உள்ளே வையுங்கள். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடியதும் வெளியே கூட்டிப்போங்கள். மூன்று மாதக் குட்டியால் பகலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம்தான் அடக்க முடியும். வீட்டுக்குள் மூத்திரம் போய்விட்டால் சத்தமில்லாமல் துடைத்துவிடுங்கள். அதில் மூக்கைத் தேய்ப்பதால் நாய் கற்றுக்கொள்வது உங்களுக்குப் பயப்படுவதை மட்டும்தான்.

படி 7: லைசென்ஸ், அக்கம்பக்கம், கருத்தடை

நாய்க்கு ஊராட்சி மன்ற லைசென்ஸ் வேண்டும். எங்கள் ஊருக்குக் கோல கங்சார் நகராண்மைக் கழகம். எந்த வகை வீட்டில் எத்தனை நாய் வளர்க்கலாம் என்பது மன்றத்துக்கு மன்றம் மாறும், நேரில் கேட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டு மக்சிக்கின் (மலாய் முஸ்லிம் அம்மாவின்) வாசலுக்கு நாய் போகவே கூடாது. நாயின் எச்சில் பட்ட இடத்தை அவர்கள் ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டியிருக்கும். நாய் வந்த அன்றே போய்ச் சொல்லி, கயிறில்லாமல் வெளியே விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தால் உறவு கெடாது.

பெண் நாய்க்கு வருடத்தில் ஏறக்குறைய இரண்டு முறை பருவம் வரும், 63 நாளில் குட்டி போடும். அட்டைப் பெட்டிக் குட்டிகள் அங்கிருந்துதான் வருகின்றன. எப்போது கருத்தடை செய்யலாம் என்று மருத்துவரிடம் கேட்டுச் செய்துவிடுங்கள்.

எவ்வளவு செய்தும் உங்கள் வீட்டுச் சூழலுக்கு ஒத்துவரவில்லை என்றால், அதன் குணத்தை மறைக்காமல் சொல்லி வேறொரு நல்ல வீடு தேடுங்கள். காட்டில் விடாதீர்கள். வீட்டில் வளர்ந்த நாய்க்கு அங்கே பிழைக்கத் தெரியாது. விலங்கு நலச் சட்டம் 2015-இன்படி அதன் தேவைகளைக் கவனிப்பது வளர்ப்பவரின் கடமை. கொடுமைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று வருடம் வரை சிறை, அல்லது இரண்டும்.

படி 8: தீபாவளிக்கு முன்பே தயாராகுங்கள்

நன்றாகப் பழகிய நாய்கூடப் பட்டாசுச் சத்தத்தில் வேலியைத் தாண்டி ஓடிவிடும். பண்டிகைக்கு ஓரிரு மாதம் முன்பே பட்டாசுச் சத்தத்தைப் போனில் மிகக் குறைவாக வைத்துச் சாப்பாடு கொடுங்கள். காதை அசைக்காமல் சாப்பிட்டால் மட்டும் அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். உறுமி மேளத்துக்கும் இதே முறைதான். அன்றிரவு ஜன்னலை மூடி, காற்றாடியும் டிவியும் ஓட, ஒருவர் உள்ளே கூடவே இருக்கட்டும். கழுத்துப்பட்டையில் உங்கள் போன் எண் எழுதியிருக்கட்டும். வெடி ஓய்ந்ததும் மூத்திரம் போக வெளியே கூட்டிப்போகலாம், கயிற்றை மாட்டிக்கொண்டுதான்.