துபாயில் வேலை, வீடு எந்தப் பக்கம்? முதன்முறை சபர் (வெளிநாட்டு வேலை) போகிறவர்களுக்கு

கீழக்கரை கடற்கரையில் அஸர் தொழுதுவிட்டு நாலு பேர் உட்கார்ந்தால், அதில் இரண்டு பேராவது லீவில் வந்த சபராளியாக இருப்பார்கள். போன மாதம் அப்படி உட்கார்ந்திருந்தபோது பெரியபட்டினத்துத் தம்பி ஒருவர் வந்து கேட்டார் (எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம்): "காக்கா, பர் துபாயில வேலை கிடைச்சிருக்கு. கம்பெனி ரூம் கிடையாது, வாடகைக்குப் பணமா தந்துடுவாங்க. பக்கத்து ஷார்ஜாவுல வாடகை கம்மியாமே, அங்கேயே பார்த்துடவா?"

"வாடகையைக் கேட்டே, சரி. காலையில எத்தனை மணிக்கு வீட்டை விட்டு இறங்கணும்னு கேட்டியா?" என்றேன். கேட்கவில்லையாம். நானும் 2012இல் கேட்கவில்லை. அப்போது அங்கே வெள்ளிக்கிழமை வார விடுமுறை. ஒரு வெள்ளிக்கிழமை காலை ஷார்ஜாவில் போய் வீடு பார்த்தேன், 20 நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டேன். அன்றைக்கே முன்பணம் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் கிளம்பியபோது அதே சாலையில் ஒன்றரை மணி நேரம் ஆனது. ஒரு வருட ஒப்பந்தம், வாடகைக்கான செக்கெல்லாம் எழுதிக் கொடுத்தாயிற்று. அந்தத் தப்பு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: வேலை இடத்தின் பெயரைச் சரியாகக் கேளுங்கள்

"துபாயில் வேலை" என்பது "ராமநாதபுரம் மாவட்டத்தில் வேலை" என்பது மாதிரி. தொண்டியும் அதுதான், சாயல்குடியும் அதுதான். தேராவிலிருந்து ஜெபல் அலி வரைக்கும் 30 கிலோமீட்டருக்கு மேல் கடற்கரையோரமாகவே நீண்டு கிடக்கிற ஊர் அது. அலுவலகத்துக்குப் பக்கத்து மெட்ரோ ஸ்டேஷன் எது, டியூட்டி எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, சனிக்கிழமை உண்டா, இந்த மூன்றையும் விசா வருவதற்கு முன்பே கேட்டு எழுதி வையுங்கள்.

கடை வேலை என்றால் இன்னொன்றும் கேளுங்கள்: மதியம் நடுவில் இடைவேளை விட்டு, மறுபடி மாலையில் டியூட்டியா? அப்படியென்றால் ஷார்ஜாவை மறந்துவிடுங்கள். அந்த இடைவேளைக்குள் வீட்டுக்குப் போய்த் திரும்ப முடியாது. கடையின் ஸ்டோர் ரூமில் அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்துத் தூங்கிய நம்மூர்ப் பையன்களை எனக்குத் தெரியும்.

படி 2: நாலு வட்டம் போடுங்கள்

முதல் வட்டம் தேரா, பர் துபாய், கராமா. பழைய கட்டடங்கள், வாடகை கூடுதல், ஆனால் எல்லாம் நடந்துபோகிற தூரத்தில். இட்லிக்கும் பரோட்டாவுக்கும் கராமாவில் பஞ்சமே இல்லை. இரண்டாவது, துபாய் எல்லைக்குள்ளேயே ஷார்ஜாவை ஒட்டிய அல் கிசைஸ், அல் நஹ்தா. மெட்ரோ பச்சை வழித்தடம் இங்கே வரை வருகிறது. மூன்றாவது ஷார்ஜா. நாலாவது அஜ்மான், அதற்கும் அப்பால்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. அல் நஹ்தா என்ற பெயரில் துபாயிலும் ஒரு பகுதி, ஷார்ஜாவிலும் ஒரு பகுதி. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. விளம்பரத்தில் "அல் நஹ்தா" என்று மட்டும் போட்டிருந்தால், எந்த எமிரேட் (துபாயா, ஷார்ஜாவா) என்று கேட்காமல் அடுத்த பேச்சு பேசாதீர்கள். துபாய் மெட்ரோ ஷார்ஜாவுக்குள் போவதில்லை.

ஸ்டேஷன் பெயர்களும் குழப்பும். பழைய ஆட்கள் "ராஷிதியா" என்பார்கள், பலகையில் சென்டர்பாயிண்ட் என்று இருக்கும். "எதிசலாத்" என்று சொன்னால் இப்போதைய ஈ அண்ட் ஸ்டேஷன்.

அப்புறம், "இங்கே மெட்ரோ வரப்போகுது சார்" என்று ஏஜெண்ட் சொல்வார். நீல வழித்தடம் வேலை நடப்பது உண்மைதான். இன்டர்நேஷனல் சிட்டி, சிலிக்கான் ஒயாசிஸ் பக்கமெல்லாம் போகிறது, 2029 செப்டம்பரில் திறப்பதாகத் திட்டம். ஆனால் நீங்கள் வேலைக்குப் போவது நாளைக்கு. பாம்பனில் பழைய பாலம் நின்றுபோன 2022 டிசம்பரிலிருந்து புதுப் பாலம் திறந்த 2025 ஏப்ரல் வரை, ராமேஸ்வரத்துக்காரர்கள் ரயிலை விட்டு இறங்கி பஸ் மாறித்தானே போனார்கள். வரப்போகிற ரயிலுக்காக இன்றைக்கே கூடுதல் வாடகை கொடுக்காதீர்கள்.

படி 3: முதல் மாதம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்

சொந்தக்காரர் ரூமிலோ, மாத வாடகைக்கு பெட் ஸ்பேஸ் (பகிர்ந்த அறையில் ஒரு கட்டில்) எடுத்தோ தங்குங்கள். அதிலும் பலகை அடித்துத் தடுத்த பார்ட்டிஷன் அறை வேண்டாம். சட்டப்படி அனுமதி இல்லாதது, சோதனை வந்தால் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டும்.

அந்த மாதத்துக்குள், பிடித்த பகுதி ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு முறை நிஜமாகவே வேலைக்குப் போய்ப் பாருங்கள். திங்கள் அல்லது செவ்வாய்க்கிழமை, வேலை நேரத்துக்கு, அந்த வீட்டு வாசலிலிருந்து கைக்கடிகாரம் பார்த்துக் கிளம்புங்கள். கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம் போகிற தூரம்தான் ஏறக்குறைய ஷார்ஜா ரோலாவிலிருந்து தேராவுக்கும். நம்மூரில் பஸ் ஏறினால் எப்போது இறங்குவோம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். அங்கே அல் இத்திஹாத் சாலையில் காலையில் துபாயை நோக்கியும், மாலையில் ஷார்ஜாவை நோக்கியும் வண்டி ஊர்ந்துதான் போகும்.

திரும்பி வருவதையும் பாருங்கள். அதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். ஆகஸ்ட் மாதம், மாலை ஆறரை மணி, யூனியன் பஸ் நிலையத்தில் ஷார்ஜா வண்டிக்கு வரிசை. முன்னால் நிற்பவர் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். ஒரு வண்டி நிரம்பிப் போகும், வரிசை பத்தடி நகரும், அடுத்ததும் நிரம்பிப் போகும். ஒரு ரமலானில் நோன்பு திறக்க வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்து ஏறி, பாங்கு சொல்லும்போது பாதிச் சாலையில் நின்றிருந்தேன். பின் சீட்டிலிருந்து ஒரு பேரீச்சம்பழப் பொட்டலம் கைமாறிக் கைமாறி முன்னால் வந்தது. ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டோம். கொடுத்தவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அவசரத்துக்கு டாக்சி பிடிக்கலாமே என்றால், துபாய் டாக்சி ஷார்ஜாவுக்குள் போக மீட்டருக்கு மேல் 20 திர்ஹம் சேர்த்து வாங்கும். உரிமம் இல்லாத கார் லிஃப்ட் (காசுக்கு ஆளேற்றும் தனியார் கார்) பிடிபட்டால் வண்டிக்காரருக்கு அபராதம், உங்களுக்கு நடுரோடு.

படி 4: மிச்சத்தை மணியால் வகுங்கள்

கார் வாங்கிக்கொள்கிறேன் என்பவர்களுக்கு இந்தக் கணக்கு. (ஊர் லைசென்ஸை வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது, அங்கே எடுக்க வேண்டும்.) ஷார்ஜாவில் வாடகை மாதம் 1,500 திர்ஹம் குறைவு என்று வைத்துக்கொள்வோம். பர் துபாய் போக மம்சாரில் சாலிக் கேட் (சாலைச் சுங்கம்) ஒன்று, தேராவுக்கும் பர் துபாய்க்கும் நடுவே ஓடும் க்ரீக் கழியைத் தாண்ட இன்னொன்று. 2025 ஜனவரி கடைசியிலிருந்து நெரிசல் நேரத்தில், அதாவது காலை 6 முதல் 10, மாலை 4 முதல் 8, ஒரு கேட்டுக்கு 6 திர்ஹம். போக 12, வர 12, மாதம் 22 நாளுக்கு 528. பெட்ரோல் ஒரு 400 போடுங்கள். மிச்சம் 572.

வீடு கராமாவில் இருந்தால் போக வர ஒரு மணி நேரம், ஷார்ஜா என்றால் மூன்று மணி நேரம் என்றால், மாதத்துக்கு 44 மணி நேரம் கூடுதல். 572ஐ 44ஆல் வகுத்தால் மணிக்கு 13 திர்ஹம். அந்தக் கூலிக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சம்மதமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். சிலருக்குச் சம்மதம்தான். பிள்ளைகள் மூன்று, இரண்டு அறை வேண்டும் என்றால் வாடகை வித்தியாசம் 1,500இல் நிற்காது, அப்போது ஷார்ஜா சரியான முடிவாகக்கூட இருக்கலாம். தனி ஆள் ஷார்ஜா போவதுதான் எனக்குப் புரியவில்லை.

கார் இல்லாதவர்கள் மெட்ரோ ஓரமாகவே பாருங்கள். எல்லா மண்டலத்துக்குமான மாத நோல் பாஸ் (மெட்ரோ, பஸ் பயண அட்டை) 350 திர்ஹம். அதற்கு மேல் செலவு ஏறாது.

படி 5: வீட்டுக்குள் போனதும்

ஏசி செலவு யாருடையது என்று முதலில் கேளுங்கள். "சில்லர் ஃப்ரீ" என்றால் குளிரூட்டும் கட்டணம் வாடகைக்குள் அடக்கம். இல்லையென்றால் தனி பில் வரும், கோடையில் கண்ணைக் கட்டும். துபாயில் ஃபிளாட்டுக்கு தேவா (மின்சார, குடிநீர் வாரியம்) முன்வைப்பு 2,000 திர்ஹம். வருட வாடகையில் 5 சதவீதம் முனிசிபாலிட்டி கட்டணமாகப் பிரிந்து மாத பில்லில் ஏறும். ஒப்பந்தத்தை எஜாரியில் (துபாய் அரசின் வாடகைப் பதிவு) பதிவு செய்யாமல் சாவி வாங்காதீர்கள்.

கீழே இறங்கி வாட்ச்மேனிடம் ஒரு கேள்வி: "2024 ஏப்ரல் மழையில தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" 1949இல் பதிவு தொடங்கியதிலிருந்து காணாத மழை அது. ஷார்ஜாவில் அல் மஜாஸ், அல் காசிமியா பக்கமெல்லாம் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. வாட்ச்மேன் சுவரில் கை வைத்துக் காட்டுவார். ஏஜெண்ட் காட்டமாட்டார்.

குடும்பத்தைக் கூப்பிடும் எண்ணம் இருந்தால், துபாய் விசாவுக்கு ஷார்ஜா வீட்டு ஒப்பந்தம் செல்லுமா என்று கம்பெனியில் விசா வேலைகளைப் பார்க்கும் பிஆர்ஓவிடம் கேட்டுவிட்டு, அப்புறம் செக் எழுதுங்கள்.

பெரியபட்டினத்துத் தம்பி இப்போது தேராவில் பெட் ஸ்பேஸில் இருக்கிறார். நேற்று ரோலாவிலிருந்து போய்ப் பார்த்தாராம். வாய்ஸ் மெசேஜ் வந்தது: "காக்கா, ஆறு நாற்பதுக்கு வரிசையில நின்னேன், ஆபீஸ் வாசலுக்கு வரும்போது எட்டு பத்து." அடுத்த செவ்வாய்க்கிழமை கிசைஸிலிருந்து பார்க்கப் போகிறாராம்.