பசுமை முதலீடு: பெயரைப் பார்த்து நுழைவதும் பெயரைப் பார்த்தே வெளியேறுவதும்

சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு, நிர்வாக நேர்மை ஆகிய மூன்றையும் கருத்தில் கொள்ளும் ஈஎஸ்ஜி திட்டங்களை இந்திய மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்கள் 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக அறிமுகப்படுத்தியபோது, நல்ல நோக்கமும் நல்ல வருமானமும் சேர்ந்தே வரும் என்ற நம்பிக்கையுடன் பலர் அவற்றில் சேர்ந்தார்கள். பின்னர் உக்ரைன் போர் வந்தது, வட்டி விகிதம் ஏறியது, அமெரிக்காவில் ஆட்சி மாறியது. சேர்ந்தவர்களில் சிலர் இப்போது இந்த வகை முதலீடே வீண் என்ற முடிவுக்கு வந்துவிட்டார்கள். அன்றைய நம்பிக்கை, இன்றைய அவநம்பிக்கை ஆகிய இரண்டுமே பெரும்பாலும் பெயரை மட்டும் பார்த்து எடுத்த முடிவுகள் என்பதே என் கருத்து.

தொழில் பசுமையானது என்பதால் நிறுவனமும் நம்பகமானது என்று கருதுவதுதான் இவற்றுள் மிகவும் விலை கொடுக்க வைக்கும் தவறு. சூரிய மின் நிலையப் பணிகளைச் செய்துகொண்டு, மின்சாரக் கார்களைக் குத்தகைக்கு விட்டுவந்த ஜென்சால் இன்ஜினியரிங் நிறுவனத்தைப் பற்றி, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2025 ஏப்ரல் 15 அன்று பிறப்பித்த இடைக்கால உத்தரவை, பசுமைப் பங்குகளை வாங்க நினைக்கும் ஒவ்வொருவரும் ஒருமுறை படிக்க வேண்டும். 6,400 மின்சாரக் கார்கள் வாங்குவதற்கென்று ஐரேடா, பவர் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன் ஆகிய பொதுத்துறை நிறுவனங்களிடம் கடன் பெற்ற இந்நிறுவனம் வாங்கியது 4,704 கார்களைத்தான் என்றும், மீதிப் பணத்தில் ஒரு பகுதி வேறு நிறுவனங்களின் வழியாகச் சுற்றிச் சென்று குருகிராமில் ஓர் ஆடம்பரக் குடியிருப்பு வாங்கப் பயன்பட்டது என்றும் அந்த உத்தரவு கூறுகிறது. தான் தயாரிக்கவிருக்கும் மின்சார வாகனங்களில் முப்பதாயிரத்துக்கு முன்பதிவு வந்திருப்பதாக நிறுவனம் பங்குச் சந்தைக்கு அறிவித்திருந்தது. செபி ஆவணங்களைக் கேட்டுப் பார்த்தபோது, அவை விலையோ ஒப்படைக்கும் தேதியோ குறிப்பிடப்படாத விருப்பக் கடிதங்களாகவே இருந்தன. புனே அருகிலுள்ள அதன் வாகன ஆலையை அதே மாதம் நேரில் பார்க்கச் சென்ற தேசியப் பங்குச் சந்தை அதிகாரி, அங்கே இரண்டு மூன்று தொழிலாளர்களைத் தவிர எந்த உற்பத்தியையும் காணவில்லை. அந்த ஆலைக்கு ஓராண்டில் வந்த மின்கட்டணங்களில் மிக அதிகமானதே ஏறத்தாழ 1.57 லட்சம் ரூபாய்தான். ஒரு வாகனத் தொழிற்சாலை ஓடுகிறதா இல்லையா என்பதை மின்கட்டண ரசீதே சொல்லிவிடும் என்பதைச் சிறுதொழில் நடத்துகிற எவரும் அறிவார்கள். ஆனாலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு முதலீட்டாளர்கள் அந்தப் பங்கை வைத்திருந்தார்கள்.

சுற்றுச்சூழலைப் பற்றிய வாக்குறுதி எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், நிர்வாக நேர்மை குலைந்த இடத்தில் மற்ற இரண்டும் நிற்பதில்லை. எனவே கரியமில வாயு வெளியேற்ற அட்டவணையைப் புரட்டுவதற்கு முன்பு, நிறுவனர்கள் தங்கள் பங்குகளில் எவ்வளவை அடகு வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கு நெருக்கமான நிறுவனங்களுடன் என்னென்ன கொடுக்கல் வாங்கல் நடக்கிறது, தணிக்கையாளர் என்ன குறிப்பு எழுதியிருக்கிறார் என்பவற்றைப் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்த தவறு, கொள்கையையும் வட்டியையும் கணக்கில் கொள்ளாமல் காற்றையும் வெயிலையும் மட்டும் நம்பி முதலீடு செய்வது. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி செல்லும் சாலையில் ஆரல்வாய்மொழியைக் கடக்கும்போது முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். 2017க்கு முன்பு, காற்றாலை மின்சாரத்தின் விலையை ஒழுங்குமுறை ஆணையமே நிர்ணயித்து வந்தது. அந்த ஆண்டு ஏல முறை வந்ததும், பிப்ரவரியில் யூனிட்டுக்கு 3.46 ரூபாயாக இருந்த விலை அக்டோபரில் 2.64 ரூபாய்க்கு இறங்கியது. 2016-17ஆம் நிதியாண்டில் நாடு முழுவதும் சுமார் 5,500 மெகாவாட் அளவுக்குப் புதிய காற்றாலைகள் நிறுவப்பட்டன. அடுத்த நிதியாண்டில் அது 1,800 மெகாவாட்டுக்கும் கீழே போனது. ஆடிக் காற்று குறையவில்லை. மாறியது விதி மட்டுமே. அதற்கும் முன்பே, வெளிநாட்டு நாணயக் கடன் பத்திரங்களுக்கான தொகையைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் 2012 அக்டோபரில் காற்றாலை தயாரிப்பு நிறுவனமான சுஸ்லான் தடுமாறியதற்குக் கடன் சுமையே காரணமாக இருந்தது.

இத்தகைய நிறுவனங்களை வட்டி ஏன் இவ்வளவு வாட்டுகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரிச் செலவு ஆண்டுதோறும் வரும். காற்றாலைக்கும் சூரிய மின் நிலையத்துக்கும் எரிபொருள் செலவே இல்லாததால், மொத்தச் செலவின் பெரும்பகுதி தொடக்கத்திலேயே, பெரும்பாலும் கடனாக, இறங்கிவிடுகிறது. விற்பனை விலையோ 25 ஆண்டுகளுக்கு ஒப்பந்தத்தில் கட்டப்பட்டிருக்கிறது. ஆகையால், 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள், வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதம் 4 விழுக்காட்டிலிருந்து 6.5 விழுக்காட்டுக்கு உயர்ந்ததைப் போன்ற ஒரு சூழலில், வட்டி ஏற்றத்தை மின்சாரம் வாங்குபவர் மீது சுமத்த வழியில்லாமல் லாபமே கரைகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த காற்றாலை நிறுவனமான ஆர்ஸ்டெட், வட்டியும் உதிரிபாகங்களின் விலையும் உயர்ந்ததால் நியூ ஜெர்சி கடற்பகுதியில் அமையவிருந்த இரண்டு காற்றாலைத் திட்டங்களை 2023இல் கைவிட்டது. அதே நிறுவனம் அமெரிக்காவில் எண்பது விழுக்காடு முடித்திருந்த மற்றொரு திட்டத்தை 2025 ஆகஸ்டில் அரசே நிறுத்தச் சொன்னது. நீதிமன்றம் தலையிட்டு அடுத்த மாதம் வேலை தொடர்ந்தாலும், அந்த இடைவெளியில் முதலீட்டாளர்கள் இழந்த நம்பிக்கை எளிதில் திரும்பாது. ஒரே துறையில், அதுவும் ஓர் அரசின் முடிவை நம்பியிருக்கும் துறையில், சேமிப்பின் பெரும்பங்கைப் போடக் கூடாது என்று சொல்வதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

ஓராண்டு வருமானத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுவதும் தவறுதான். 2022இல் அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீடு ஏறத்தாழ 19 விழுக்காடு சரிந்தபோது, அதிலுள்ள எண்ணெய், எரிவாயு நிறுவனங்களின் பிரிவு மட்டும் 59 விழுக்காடு அளவுக்கு ஏறியது. எண்ணெய் நிறுவனங்களைத் தவிர்த்த திட்டங்கள் அந்த ஆண்டு பின்தங்கியதில் வியப்பில்லை. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அவை முன்னேறியதற்கும் அறம் காரணமன்று, தொழில்நுட்பப் பங்குகளே பெரிதும் காரணம். இந்தியத் திட்டங்களிலும் வங்கிகளும் ஐடி நிறுவனங்களுமே கணிசமான இடத்தைப் பிடிப்பதால், நிஃப்டி குறியீட்டிலுள்ள பங்குகளை அப்படியே வாங்கும் குறியீட்டு நிதி வைத்திருப்பவர் ஈஎஸ்ஜி நிதியையும் வாங்கும்போது அதே பங்குகளை இரண்டாவது முறையாக வாங்குகிறாரா என்று இரண்டின் மாதாந்தரப் பங்குப் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அமெரிக்க அரசியலை இந்தியாவுக்கான தீர்ப்பாக எடுத்துக்கொள்வதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். டெக்சாஸ் மாநிலம் 2021இல் எண்ணெய்த் துறையைப் புறக்கணிக்கும் நிதி நிறுவனங்களுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. ஈஎஸ்ஜி என்ற சொல்லையே இனிப் பயன்படுத்தப் போவதில்லை என்று, உலகின் மிகப் பெரிய சொத்து மேலாண்மை நிறுவனமான பிளாக்ராக்கின் தலைவர் லாரி ஃபிங்க் 2023இல் அறிவித்தார். 2025 ஜனவரியில் அந்நிறுவனம் நிகர பூஜ்ய உமிழ்வுக்கான சொத்து மேலாளர்கள் கூட்டமைப்பிலிருந்தும் விலகியது. இதே காலத்தில் இங்கே செபி, சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்களுக்கு 2022-23 முதல், சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் பற்றிய விவரங்களைத் தரும் பொறுப்பு வணிக அறிக்கையைக் கட்டாயமாக்கியது. சப்ளையர்கள் பற்றிய விவரங்களுக்கு மட்டும் 2025இல் ஓராண்டு அவகாசம் கொடுத்தது. அடிப்படை விதியைக் கைவிடவில்லை.

அந்த விதிகள் தரும் தகவலைப் பயன்படுத்தாமல் விடுவது, என் பார்வையில், மற்றெல்லாவற்றையும் விட வருத்தத்துக்குரியது. ஈஎஸ்ஜி திட்டத்தின் சொத்தில் குறைந்தது 80 விழுக்காடு அதன் உத்திக்கு ஏற்ற பங்குகளில் இருக்க வேண்டும் என்று 2023 ஜூலையில் செபி சொன்னதோடு, நிறுவனங்களின் கூட்டங்களில் அத்திட்டம் எப்படி வாக்களித்தது, எந்தக் காரணத்துக்காக வாக்களித்தது என்பதையும் வெளியிடச் சொல்லியிருக்கிறது. உங்கள் நிதி நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த வாக்களிப்பு அறிக்கையைத் திறந்து, நிறுவனர்களுக்கு நெருக்கமான நிறுவனங்களுடனான ஒப்பந்தங்கள் குறித்த தீர்மானங்களை மட்டும் தேடி, எத்தனை இடங்களில் ‘எதிராக’ என்று எழுதியிருக்கிறது என எண்ணிப் பாருங்கள். அரை மணி நேரம் போதும்.