உலக வேளாண்மையைப் படிப்போர் வழுக்கி விழும் இடங்கள்

மழையை வைத்து மண்ணை எடைபோடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. காடு அடர்ந்திருந்தால் நிலமும் வளமாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஜாவாவையும் அதற்கு வடக்கே உள்ள போர்னியோவையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் மழைக்குப் பஞ்சமில்லை. ஜாவாவில் எரிமலைச் சாம்பல் மண்ணுக்குச் சத்தூட்டிக்கொண்டே இருக்கிறது. அதனால் மலைச்சரிவுகளில்கூடப் படிக்கட்டு வயல்கள். போர்னியோவின் பெரும்பகுதியிலோ மண்ணிலிருந்த சத்தை மழையே கரைத்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது மரங்களிலும் மக்கும் சருகிலும்தான் இருக்கிறது. மரத்தை வெட்டினால் அதுவும் போய்விடும்.

இந்தத் தவறை மாணவர் செய்தால் ஒரு மதிப்பெண் போகும். அரசே செய்தால்? இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோவின் ஆட்சியில், 1996-ல், போர்னியோவின் மத்திய கலிமந்தானில் சுமார் 10 லட்சம் ஹெக்டேர் சதுப்பு நிலத்தை நெல்வயலாக்கும் வேலை தொடங்கியது. 4,000 கிலோமீட்டருக்கும் அதிகமாகக் கால்வாய் வெட்டினார்கள். ஜாவாவிலிருந்து விவசாயக் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். அங்கே இருந்ததோ பீட் மண்: நீரில் ஊறி, முழுதாக மக்காத மரமும் இலையும் மீட்டர் கணக்கில் படிந்த, புளிப்பு மிகுந்த அடுக்கு. கால்வாய்கள் நீரை வடித்ததும் அது காய்ந்து விறகாகிவிட்டது. 1997-ன் எல் நினோ வறட்சியில் பற்றிய தீ நிலத்துக்கடியிலும் புகைந்தது. நெல் விளையவில்லை, 1999-ல் திட்டம் கைவிடப்பட்டது.

நெல் என்றாலே மழைநாட்டுப் பயிர் என்று எழுதுவது இதற்கு நேர்மாறான தவறு. எகிப்தில் மழை பெயரளவுக்குத்தான். ஆனாலும் நைல் கழிமுகத்தில் ஹெக்டேருக்குக் கிடைக்கும் நெல் உலகின் மிக உயர்ந்த விளைச்சல்களுள் ஒன்று. பாசனம் உறுதி, மேகம் மறைக்காத வெயில், ஈரக்காற்றில் பரவும் நோய்களும் குறைவு.

பிரமாண்ட அறுவடை இயந்திரங்களின் படத்தைப் பார்த்துவிட்டு, அமெரிக்காவில்தான் ஏக்கருக்கு அதிகக் கோதுமை விளையும் என்று நினைப்போர் உண்டு. அங்கே சராசரி ஹெக்டேருக்கு 3 டன்னும் கொஞ்சமும்; இந்தியப் பஞ்சாபில் 5 டன்னை நெருங்குகிறது. கன்சாஸ் சமவெளியில் பெரும்பாலும் மானாவாரிக் கோதுமைதான். நிலம் ஏராளம், ஆள் குறைவு. ஓர் ஆளுக்கு எவ்வளவு விளைந்தது என்பதே அங்கு கணக்கு. ஆகவே, உற்பத்தித்திறன் என்று மொட்டையாக எழுதாதீர்கள். ஆளுக்கா, ஏக்கருக்கா என்று சேர்த்தே எழுதுங்கள்.

தேயிலை என்றதும் பெருந்தோட்டம் என்று கண்ணை மூடிக்கொண்டு குறிப்பதும் சரியல்ல. இலங்கைத் தேயிலையில் பெரும்பங்கு இன்று சிறு உடைமையாளர்களின் நிலத்திலிருந்துதான் வருகிறது. காட்டை வெட்டி எரித்துச் சில காலம் பயிரிட்டு வேறிடம் மாறும் வடகிழக்கு இந்தியாவின் ஜூம் சாகுபடியைக் காட்டை அழிக்கும் பழக்கம் என்று ஒரே வரியில் தள்ளிவிடுவதும் அவசரம். போதிய ஆண்டுகள் தரிசாக விட்டால் மண் தேறிவிடும். அந்த இடைவெளி சுருங்கும்போதுதான் சிக்கல்.

வரைபடத்தின் வயதையும் பாருங்கள். பாடநூல்களில் இன்றும் காணும் வேளாண் மண்டலப் பிரிவுகள் பலவற்றுக்கு மூலம், 1936-ல் அமெரிக்கப் புவியியலாளர் டெர்வென்ட் விட்டில்சி வகுத்த பகுப்பு. அதற்குப் பிறகு எவ்வளவோ மாறிவிட்டது. பிரேசிலின் செராடோ புல்வெளி ஒருகாலத்தில் மேய்ச்சலுக்கு மேல் உதவாது என்று ஒதுக்கப்பட்டது. 1970-களிலிருந்து சுண்ணாம்பு இட்டு மண்ணின் புளிப்பைத் தணித்தார்கள், பாஸ்பரஸ் உரம் போட்டார்கள், வெப்பமண்டலத்துக்கு ஏற்ற சோயா ரகங்களை உருவாக்கினார்கள். இன்று உலகிலேயே அதிகமாகச் சோயா விளைவிக்கும் நாடு பிரேசில். அதில் பெரும்பங்கு செராடோவிலிருந்து வருகிறது.