பஃபர் மீனுக்கு முன்னால் நத்தை வாங்குங்கள்

குழாய்த் தண்ணீரில் குளோரின் முறிக்க வேண்டும், வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்ற வேண்டும் என்பதெல்லாம் மீன் வளர்க்கிற எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். பயந்தால் உடம்பை ஊதிக்கொள்ளும் குட்டி மீனான ட்வார்ஃப் பஃபரை வாங்கியவர்கள் உதவி கேட்டு வரும்போது, ஆரம்பத்தில் நாங்கள் இடறிய அதே இடங்களில்தான் அவர்களும் இடறி நிற்கிறார்கள்.

தீனிக்கு வழி செய்யாமல் மீன் வாங்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது. "பசி வந்தா தானா பெல்லட் சாப்பிடும் சார்" என்று சொல்லி விற்றுவிடுகிறார்கள். சாப்பிடாது. இது அசைகிற இரையைக் கண்ணால் பார்த்து வேட்டையாடுகிற மீன். காய்ந்த தீனியைத் தொடுகிற பஃபர் அபூர்வம்.

தெரிந்தவர் ஒருவர் வீட்டில் பார்த்தேன். அருமையான தொட்டி, நிறையச் செடி, நல்ல ஸ்பாஞ்ச் ஃபில்டர். மூன்று பஃபர்களுக்கும் வயிறு உள்ளே ஒட்டிக் கிடந்தது. தினமும் பெல்லட் போட்டிருக்கிறார். மீன் தொடாத பெல்லட் மணலில் அழுகி அமோனியா ஏறியிருக்கிறது. பட்டினி ஒரு பக்கம், விஷம் ஒரு பக்கம். ஒன்றைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை. அவர் அக்கறை இல்லாதவர் அல்ல. விற்றவர் ஒரு வார்த்தை சரியாகச் சொல்லியிருந்தால் மூன்றும் பிழைத்திருக்கும்.

அதனால் தீனிக்காக முதலில் ஒரு டப்பில் நத்தை வளருங்கள். ராம்ஸ்ஹார்ன், பிளாடர் போன்ற மெல்லிய ஓட்டு நத்தைகள் போதும். மீன் கடைகளில் செடியோடு ஒட்டி வரும், கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். வேகவைத்த கீரையும் வெள்ளரித் துண்டும் போட்டால் பெருகிவிடும். கொசு முட்டையிடாமல் மேலே வலை கட்டுங்கள். மலேயன் ட்ரம்பெட் நத்தையைக் கொடுக்காதீர்கள், அதன் கெட்டி ஓடு பல்லை உடைக்கலாம்.

புதுத் தொட்டியில் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா நிலைபெற எப்படியும் 4 முதல் 6 வாரம் ஆகும். நத்தை பெருகவும் ஏறக்குறைய அதே காலம் பிடிக்கும். அதனால் இரண்டையும் ஒரே நாளில் தொடங்குங்கள். தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டி, டப்பிலும் குட்டி நத்தைகள் ஊர ஆரம்பித்த பிறகு கடைக்குப் போங்கள். நத்தையோடு, பிளட்வார்ம் என்கிற உறைந்த சிவப்புப் புழுவையும் உருகவைத்துக் கொடுக்கலாம். தின்னாமல் விட்டதை அன்றே எடுத்துவிட வேண்டும்.

ஒட்டிய வயிற்று மீனைப் பரிதாபப்பட்டு வாங்குவது

விற்பனைக்கு வருவதில் பல, ஆற்றில் பிடித்தவை. குடல் புழு இருக்க வாய்ப்பு அதிகம். கடைக்காரரிடம் உயிருள்ள புழு ஒன்றைப் போடச் சொல்லுங்கள். பாய்ந்து வந்து தின்கிற மீனை மட்டும் வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் தனித்தொட்டியில் சில வாரம் வைத்துக் கவனியுங்கள்.

உப்புப் போடுவது

வேண்டாம். பஃபர் என்றாலே உவர்நீர் என்று நினைப்பதால் வரும் வினை இது. கேரளத்துப் பம்பை ஆற்றில் கிடைத்த இந்த மீனை 1941-இல் ஹோரா, நாயர் என்ற ஆய்வாளர்கள் விவரித்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் ஆறுகளின் நன்னீர் மீன். உப்பு கேட்பது பச்சைப் புள்ளி பஃபர் போன்ற வேறு இனங்கள்.

சின்னத் தொட்டியில் இரண்டு ஆண்

மீன் ஒரு அங்குலம்தான், ஆனால் எல்லைச் சண்டை கடுமையானது. வளர்ந்த ஆணுக்கு வயிற்றின் நடுவே கருங்கோடு ஓடும், கண்ணுக்குப் பின்னால் சுருக்கம் தெரியும். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்று வையுங்கள். ஒன்றை ஒன்று பார்க்க முடியாத அளவுக்குச் செடி அடர்ந்திருக்க வேண்டும். ஐந்தாறு மீனுக்கு 60 லிட்டருக்குக் குறையக் கூடாது.

கப்பி, பெட்டா, ஏஞ்சல் போன்ற மீன்களோடு சேர்ப்பது

துடுப்பைக் கடித்துக் குதறிவிடும்.

ஊதச் செய்து வேடிக்கை பார்ப்பது

அது உயிர்ப் பயத்தில்தான் ஊதுகிறது. இடம் மாற்றும்போதும் வலையில் வெளியே தூக்காதீர்கள். காற்றை விழுங்கிவிட்டால் வெளியேற்றத் திணறும். ஒரு டம்ளரைத் தண்ணீருக்குள் சாய்த்து, நீரோடு சேர்த்தே எடுங்கள்.