அரசியல் வினாடிவினாவின் முடிவை எப்படிப் படிப்பது?

இணையத்தில் ஓர் அரசியல் வினாடிவினாவை முடித்துவிட்டீர்கள். வரைபடத்தில் ஒரு புள்ளியோ, சில சதவீதங்களோ, ஒரு கொள்கையின் பெயரோ வந்திருக்கும். அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்புவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். எனக்கு அந்தப் புள்ளியைவிட அதற்குக் காரணமான விடைகள்தான் முக்கியம். அதனால் பதில் சொல்லும்போதே பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்வேன். தயங்கிய கேள்விகளையும், எதற்காகத் தயங்கினேன் என்பதையும் ஒரு வரியில் குறித்துவிடுவேன்.

முதலில் அளவுகோலைப் பாருங்கள். 2001 முதல் இருக்கும் பொலிட்டிக்கல் காம்பஸ் என்ற இணைய வினாடிவினாவில் 62 கூற்றுகள், இரண்டே அச்சுகள் (கருத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அளக்கும் கோடுகள்). நடுநிலை என்ற விடைக்கு அதில் இடமில்லை. ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும். 8வேல்யூஸ் என்ற இன்னொரு வினாடிவினாவில் நான்கு அச்சுகள், நடுநிலையும் உண்டு. ஒரே ஆள் இரண்டிலும் வேறு வேறு மாதிரி தெரிவதில் வியப்பில்லை. இப்படி இரண்டு அச்சில் அரசியலைப் பிரித்துக் காட்டிய டேவிட் நோலன், அரசின் தலையீடு குறைய வேண்டும் என்னும் அமெரிக்காவின் லிபர்டேரியன் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். அளவுகோலைச் செய்தவருக்கும் ஒரு பார்வை இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

புள்ளி நடுவில் விழுந்தால் உடனே 'நான் மிதவாதி' என்று முடிவுகட்டாதீர்கள். எல்லாக் கேள்விக்கும் மிதமாகப் பதில் சொன்னாலும் நடுவில் விழும். பாதியில் தீவிரமாக இடப்பக்கமும் பாதியில் தீவிரமாக வலப்பக்கமும் நின்றாலும் அங்கேதான் விழும். இந்த இருவருக்கும் பொதுவாக எதுவுமே இல்லாமல் போகலாம். எனக்கும் என் அக்காவுக்கும் ஏறக்குறைய ஒரே இடம்தான் வந்தது. விடைகளை ஒப்பிட்டால், மரண தண்டனையில் அவள் முழுமையாக ஆதரவு, நான் முழுமையாக எதிர்ப்பு!

அடுத்தது, நான் அதிக நேரம் செலவிடும் இடம். அழுத்தமாகச் சொன்ன இரண்டு மூன்று விடைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் இப்படிக் கேளுங்கள்: "நான் நம்பும் தகவல் தவறு என்று தெரிந்தால் என் விடை மாறுமா?" குறைந்தபட்சக் கூலியை உயர்த்தக் கூடாது என்கிறார் ஒருவர். வேலைகள் குறைந்துவிடும் என்பதால் சொல்கிறாரா? அப்படியானால் அது தகவல் பற்றிய கேள்வி. தேடிப் படித்துச் சரிபார்க்கலாம். கூலியில் அரசு தலையிடவே கூடாது என்பதால் சொல்கிறாரா? அப்போது எந்தப் புள்ளிவிவரமும் அவரை அசைக்காது, அதுதான் அவருடைய விழுமியம். வினாடிவினா இந்த இருவருக்கும் ஒரே மதிப்பெண்தான் போடும். பிரித்துப் பார்க்க வேண்டியது நீங்கள். மரண தண்டனை விஷயத்தில் அக்காவிடம் நான் இதைத்தான் கேட்டேன். தண்டனை பயத்தால் குற்றம் குறையும் என்பதுதான் அவளுடைய அடிப்படை என்று அப்போதுதான் புரிந்தது. எனக்கோ, குறைந்தாலும் சம்மதமில்லை. அதன்பிறகு எங்கள் பேச்சே வேறு மாதிரிப் போனது.

சொல்லமைப்பையும் கவனியுங்கள். எந்தக் கூற்றைக் கொடுத்தாலும் 'ஆம்' என்று சொல்லும் சாய்வு மனிதர்களுக்கு உண்டு. சந்தேகமான கூற்றை எதிர்மறையாகத் திருப்பி எழுதி மறுபடி பதில் சொல்லிப் பாருங்கள். இரண்டுக்கும் தலையாட்டினால், அந்த விஷயத்தில் உங்களுக்கு இன்னும் கருத்து உருவாகவில்லை.

அப்புறம் முடிவில் வரும் கொள்கைப் பெயர், அதன்கீழ் வரும் விளக்கம். 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் மாணவர்கள் எல்லோருக்கும் ஒரே குணவிளக்கத்தைக் கொடுத்தார். தங்களுக்கென்றே எழுதியது என நம்பி, 5க்குச் சராசரியாக 4க்கு மேல் மதிப்பெண் போட்டார்கள். ஆகவே விளக்கத்தில் பொருந்தாத வரிகளையும் தேடிப் பிடித்து அடிக்கோடிடுங்கள்.

சில மாதம் கழித்து, பழைய நோட்டைத் திறக்காமல் அதே வினாடிவினாவை எழுதுங்கள். விடை மாறிய கேள்விகளுக்குப் பக்கத்தில், இடையில் என்ன படித்தீர்கள், யாரிடம் பேசினீர்கள் என்று எழுதிவையுங்கள்.