ஆச்சி ஆட்சியான இரவு: சொந்த அகராதியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் டிடிபி, அதாவது கணினியில் அச்சுக்குப் பக்கம் அமைக்கும் வேலை பார்ப்பவர்களிடம் வருடம் முழுக்க வந்துகொண்டே இருப்பவை கல்யாணப் பத்திரிகை, கோவில் குடமுழுக்கு மலர், அறுபதாம் கல்யாணம் போன்ற சாந்திகளுக்குப் போடும் சாந்தி மலர். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சாந்தி மலர். காலையில் புரூஃப் கொடுத்தாக வேண்டும். இரவு பதினொரு மணிக்குப் பிழைதிருத்தியை ஓடவிட்டேன். ‘ஆச்சி’ என்ற சொல்லின் அடியில் சிவப்புக் கோடு. பரிந்துரையில் முதலாவதாக ‘ஆட்சி’. தூக்கக் கலக்கத்தில் ‘எல்லாவற்றையும் மாற்று’ என்பதை அழுத்திவிட்டேன்.

மறுநாள் அந்த வீட்டு முகப்பில் உட்கார்ந்து பெரியவர் புரூஃப் படித்தார். வள்ளியம்மை ஆட்சி, உமையாள் ஆட்சி, சிகப்பி ஆட்சி. அவர் கோபப்படவில்லை. ஒவ்வொரு பெயரின் மேலும் விரலை வைத்து, “இது எங்க அப்பத்தா, இது பெரிய ஆச்சி” என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். அச்சுக்குப் போகும் முன்பே பிடித்துவிட்டோம் என்றாலும் அந்த விரல் எனக்கு மறக்கவில்லை.

நம் ஊர்ச் சொற்கள் கணினிக்குத் தெரியாது. வளவு, பட்டாலை, கழுத்திரு, இசைகுடிமானம், கும்மாயம், கவுனி அரிசி, கொட்டான் எல்லாமே அதற்குப் பிழைகள்தான். நாம் சொல்லிக்கொடுத்தால் கற்றுக்கொள்ளும். சொல்லிக்கொடுக்கும் இடம்தான் கஸ்டம் டிக்‌ஷனரி, அதாவது நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் சொந்த அகராதி. ஆனால் அங்கே தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் அந்தத் தப்பையும் கடைசிவரை சரி என்றே அது சாதிக்கும்.

நான் பெரும்பாலும் லிப்ரே ஆபிஸ் என்ற இலவச மென்பொருளில், அதன் ரைட்டரில் வேலை செய்கிறேன். மைக்ரோசாஃப்ட் வேர்டு வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

அதிகம் பார்க்கும் தவறு, சிவப்புக் கோட்டைப் போக்குவதற்காகவே சொல்லைச் சேர்ப்பது. ரைட் கிளிக், ‘அகராதியில் சேர்’, கோடு போய்விட்டது, அடுத்த வேலை. ஒருமுறை என் பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழ்வரை படித்தேன். அதில் ‘காரைகுடி’ இருந்தது. க் இல்லாத காரைக்குடி! என்றைக்கோ அவசரத்தில் நானே சேர்த்திருக்கிறேன். அன்றிலிருந்து அந்தப் பிழை எத்தனை பத்திரிகையில் கோடே விழாமல் போனதோ. இப்போது ஒரு சொல்லைச் சேர்க்கும் முன் எழுத்தெழுத்தாக ஒருமுறை வாய்விட்டுப் படிக்கிறேன். மாதம் ஒருமுறை பட்டியலையும் பார்க்கிறேன். லிப்ரே ஆபிஸில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போய், மொழிக்கான பகுதியில் ரைட்டிங் எய்ட்ஸ் என்பதைத் திறந்தால் உங்கள் அகராதிகள் வரிசையாகத் தெரியும். ஒன்றைத் தேர்ந்து ‘எடிட்’ கொடுத்துத் தப்பான சொல்லை நீக்கலாம். வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், புரூஃபிங், அதற்குள் கஸ்டம் டிக்‌ஷனரிஸ். அங்கே ஓர் அகராதியையே ‘ரிமூவ்’ செய்தால் அது பட்டியலிலிருந்து மட்டும்தான் போகும்; கோப்பு கணினியிலேயே இருக்கும். பயப்படவும் வேண்டாம், அழிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

இதோடு ஒட்டிய இன்னொன்று, சேர்ப்பதற்கும் விட்டுவிடுவதற்கும் வேறுபாடு பார்க்காதது. நம் பக்கத்தில் பெயருக்கு முன்னால் ராம., சித., பழ., அரு., மெய., லெ. என்று வீட்டு விலாசம் வரிசையாக நிற்கும். மலருக்கு நூறு பேர் வாழ்த்து எழுதினால் நூறு விலாசம். இவற்றை அகராதியில் சேர்க்காதீர்கள். ‘பழ’ என்பதைச் சேர்த்துவிட்டால், பின்னால் யாராவது ‘பழமொழி’யை ‘பழ மொழி’ என்று பிரித்துத் தட்டினால் கோடு விழாது. இரண்டு துண்டுமே சரி என்று ஆகிவிடும். ‘அரு மருந்து’ கதையும் அதேதான். இந்த மாதிரி இடங்களில் ‘இக்னோர் ஆல்’ போதும். லிப்ரே ஆபிஸில் நிரலை மூடும்வரைதான் அதற்கு ஆயுள். அன்றைக்கு வேலை முடிந்தால் அதுவும் முடிந்தது.

அடுத்தது, எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கொட்டுவது. ஒரு வீட்டில் லெட்சுமணன், இன்னொரு வீட்டில் லட்சுமணன், மூன்றாவது வீட்டில் இலக்குமணன். அந்தந்த வீட்டுக்கு அதுதான் சரி. மூன்றையும் ஒரே அகராதியில் வைத்தால் லெட்சுமணன் வீட்டுப் பத்திரிகையில் ‘லட்சுமணன்’ என்று விழுந்தாலும் தெரியாது. நான் ஊர்ப்பெயருக்கு ஒன்று, பலகாரத்துக்கும் சடங்குக்கும் ஒன்று, ஒவ்வொரு மலருக்கும் அந்தக் குடும்பப் பெயர்களுக்கு ஒன்று என்று பிரித்து வைத்திருக்கிறேன். ஊர்ப்பெயர் அகராதி எப்போதும் ஓடும். அதில் கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி, கோட்டையூரோடு நகரத்தாரின் ஒன்பது நகரக் கோவில் ஊர்களும் உண்டு: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. குடும்ப அகராதியை மட்டும் மலர் முடிந்ததும் டிக்கை எடுத்துவிட்டு நிறுத்தி வைப்பேன். வேர்டில் புதுச் சொல் எல்லாம் ‘டிஃபால்ட்’ என்று குறித்த அகராதிக்குள்தான் போகும். வேலையைத் தொடங்கும் முன் எது டிஃபால்ட் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

புது அகராதி தொடங்கும்போது மொழியைக் கேட்கும். பலரும் ‘ஆல்’ என்று விட்டுவிடுவார்கள். தமிழ் என்றே தேர்ந்தெடுங்கள். அதற்குக் காரணம் இருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

தமிழில் ஒரு சொல்லைச் சேர்த்தால் வேலை முடிவதில்லை. கும்மாயம் என்று சேர்த்தாயிற்று. கும்மாயத்தை, கும்மாயத்தில், கும்மாயத்துக்கு, கும்மாயமும் எல்லாம் சிவப்பாகவே நிற்கும். ஆத்தங்குடியைச் சேர்த்தால் ஆத்தங்குடியில், ஆத்தங்குடியிலிருந்து நிற்கும். போதாததற்கு ஒற்று வேறு: ஆத்தங்குடிக் கல், ஆத்தங்குடித் தரை, ஆத்தங்குடிப் பட்டறை. பிழைதிருத்திக்கு இவை ஒவ்வொன்றும் தனித்தனிச் சொல். ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போய்ப் பட்டியல் பெருகி, கடைசியில் வெறுத்துப்போய்ப் பிழைதிருத்தியையே அணைத்துவிட்ட நண்பர்கள் எனக்கு உண்டு.

2018-இல் வந்த லிப்ரே ஆபிஸ் 6.0 பதிப்பிலிருந்து இதற்கு ஒரு வழி இருக்கிறது. அகராதியைத் தேர்ந்து ‘எடிட்’ கொடுத்துச் சொல்லைச் சேர்க்கும் பெட்டியிலேயே ‘கிராமர் பை’ என்று இன்னொரு கட்டம் வரும். அதில் ஏற்கெனவே அகராதிக்குத் தெரிந்த ஒரு மாதிரிச் சொல்லைக் கொடுக்கலாம். கும்மாயத்துக்குப் பாயாசம், ஆத்தங்குடிக்குத் தூத்துக்குடி, வளவுக்கு உறவு. மாதிரிச் சொல் எப்படியெல்லாம் விகுதி ஏற்குமோ அப்படியே புதுச் சொல்லும் ஏற்கும். மொழி தமிழ் என்று குறித்த அகராதியில்தான் இது நடக்கும். ‘ஆல்’ என்று விட்டதில் நடக்காது. இன்னொன்றும் பார்க்க வேண்டும். நீங்கள் நிறுவியிருக்கும் தமிழ் அகராதியில் அந்த மாதிரிச் சொல்லுக்கு விகுதி விதிகள் எழுதப்பட்டிருக்க வேண்டும். அதனால் சேர்த்த கையோடு ஒரு வெற்றுப் பக்கத்தில் நாலைந்து வடிவங்களைத் தட்டிப் பாருங்கள். கோடு விழுந்த வடிவத்தை மட்டும் கையால் சேர்த்தால் போதும்.

கண்ணுக்கே தெரியாத பிழைக்கு வருவோம். பத்திரிகையில் ‘ஸ்ரீ’ இரண்டு இடத்தில். ஒன்றின் கீழ் கோடு, இன்னொன்றின் கீழ் இல்லை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான். ஒன்று மாப்பிள்ளை வீட்டார் போனில் அனுப்பியதை எடுத்து ஒட்டியது, மற்றது நான் தட்டியது. ஒருங்குறியில் (யூனிகோடு) ஸ என்ற எழுத்தில் தொடங்கியும் ஸ்ரீ எழுதலாம், 2005-இல் சேர்ந்த ஶ என்ற எழுத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகத்தான் தெரியும். அதேபோல ‘கௌரி’. ஔகாரக் குறியைப் போட்டு எழுதுவது முறை. ஆனால் கெ, ள, ரி என்று மூன்று எழுத்தாகத் தட்டி ‘கெளரி’ ஆக்குபவர்கள் ஏராளம். சௌந்தரம், மௌனம், ஔவை எல்லாவற்றிலும் இது உண்டு. தப்பான வடிவத்தை அகராதியில் சேர்த்துவிட்டால் அப்புறம் தேடினாலும் அகப்படாது, அகரவரிசைப் பட்டியலிலும் இடம் மாறி நிற்கும். பார்ப்பதற்குச் சரியாக இருக்கும் சொல்லின் கீழ் கோடு விழுந்தால் ‘சேர்’ என்பதை அழுத்தாதீர்கள். அழித்துவிட்டு நீங்களே புதிதாகத் தட்டுங்கள். பாதிக்கு மேல் அதிலேயே தீர்ந்துவிடும்.

பழைய எழுத்துருக் கோப்புகளும் இந்த வகைதான். பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த பழைய மலரைத் திறந்தால் திரையில் தமிழ் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். அதை வைத்துக்கொண்டு சொல் சேர்த்தால் அகராதி முழுக்கக் குப்பை சேரும். முதலில் ஒருங்குறிக்கு மாற்றிக்கொண்டு, பிறகு பிழை பாருங்கள்.

கோடே விழாவிட்டால் சந்தோஷப்படுவதும் தவறு. தமிழ் அகராதி நிறுவப்படாமல் இருந்தாலும், அந்தப் பத்திக்கு மொழி குறிக்காமல் இருந்தாலும் ஒரு கோடும் வராது. லிப்ரே ஆபிஸில் தமிழ், காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் என்ற பிரிவில் இருக்கிறது. மேலே உள்ள வெஸ்டர்ன் கட்டத்தில் தேடிப் பயனில்லை. வேண்டுமென்றே ‘காரைகுடி’ என்று ஒருமுறை தட்டிப் பாருங்கள். கோடு விழுந்தால் நம்பி வேலையைத் தொடங்கலாம்.

அந்த ‘ஆட்சி’க்கு நான் செய்த ஏற்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். ‘ஆட்சி’ நல்ல தமிழ்ச் சொல், அகராதியில் இருக்கத்தான் வேண்டும். ஆனால் சாந்தி மலரில் அதற்கு அநேகமாக வேலை இல்லை. லிப்ரே ஆபிஸில் புது அகராதி தொடங்கும்போது ‘எக்ஸெப்ஷன்’ என்ற கட்டத்தில் டிக் போட்டால், அதில் போடும் சொற்களுக்கெல்லாம் கட்டாயம் கோடு விழும். பதிலுக்கு என்ன எழுத வேண்டும் என்றும் கொடுத்து வைக்கலாம். என் மலர் வேலைகளில் ‘ஆட்சி’ அதில் இருக்கிறது, எதிரே ‘ஆச்சி’. ‘காரைகுடி’யும் இருக்கிறது. வேர்டிலும் இப்படிக் கோடு விழவைக்க எக்ஸ்க்ளூட் டிக்‌ஷனரி என்று தனிக் கோப்பு உண்டு. பலர் இந்த வசதியைத் தொடுவதே இல்லை. எனக்கு இதுதான் இரவு நிம்மதியாகத் தூங்க வைப்பது.

கடைசியாக, பிரதி எடுக்காமல் இருப்பது. கணினியை ஃபார்மேட் செய்ய ஆள் வருவார், மலர்க் கோப்புகளை எல்லாம் பத்திரமாக எடுத்து வைப்பார். அகராதியை யாரும் நினைக்கமாட்டார்கள், ஏனென்றால் அது கோப்புக்குள் இல்லை. விண்டோஸில் உங்கள் பயனர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, ரோமிங், லிப்ரே ஆபிஸ், 4, யூசர், வேர்ட்புக் என்று உள்ளே போனால் இருக்கும். பதிப்பு எண் எதுவானாலும் அந்த ஃபோல்டர் பெயர் 4-தான். வேர்டின் அகராதிகள் அதே ரோமிங்கில் மைக்ரோசாஃப்ட் என்ற ஃபோல்டருக்குள் யூபுரூஃப் என்ற இடத்தில் இருக்கும். ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர், அதைக் காட்டச் சொல்லிவிட்டுத் தேடுங்கள். லிப்ரே ஆபிஸ் அகராதிக் கோப்பை நோட்பேடில் திறந்து திருத்துவதானால் முதலில் ரைட்டரை மூடுங்கள். மேலே இருக்கும் தலைப்பு வரிகளைத் தொடாதீர்கள். சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்று இருக்கிறதா பாருங்கள். ஆன்சி என்று சேமித்தால் கானாடுகாத்தான் வெறும் கேள்விக்குறிகளாகிவிடும்.

இப்போதெல்லாம் மலரை அச்சகத்துக்கு அனுப்பும் பென் டிரைவில் அந்தக் குடும்பத்தின் அகராதிக் கோப்பையும் சேர்த்தே வைக்கிறேன். அங்கே இருக்கும் தம்பியிடம், “சிவப்பாத் தெரிஞ்சா மாத்திடாதீங்க, முதல்ல இந்தக் கோப்பைப் போட்டுட்டுத் திறங்க” என்று போனிலும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.